வியன்னா மாமா பார்த்த மாதா கோயில்

கரமனையில் வியன்னா மாமா அளவுக்கு அழகாகப் பொய் சொன்னவர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாக்களான நாங்கள் தங்கியிருந்த மெஸ்ஸில் அவர்தான் சமையல். அதற்கு முன், கண் ஆபரேஷனுக்காக வியன்னா போன ஒரு ஜட்ஜுக்குச் சமைத்துப்போடக் கூடவே கப்பலேறியவர்.

அங்கே பல நூற்றாண்டு பழைய மாதா கோயில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து மனுஷர் முழுசாகத் திரும்பி வரவேயில்லை. ரசவாளியும் கையுமாகப் பாதிப் பந்தியில் நின்றுவிடுவார். கண் உத்தரத்துக்குப் போய்விடும்.

"தூணெல்லாம் கமுகந்தோப்பு மாதிரியாக்கும். மேலே போய்க் கிளை விட்டுடறது. வெயில் உள்ளே வரச்சே நீலமும் செவப்புமா மாறிடும். என் வேஷ்டிகூட மயில் கழுத்து நிறமாயிடுத்து, கேட்டேளா!"

"மாமா, ரசம்!"

"ஜன்னல் கண்ணாடியிலே யானை நிக்கறது, ஓய்! நெத்திப்பட்டத்தோட!"

நாங்கள் புரையேறச் சிரிப்போம்.

ஒருநாள் அந்த ஜட்ஜே மெஸ்ஸுக்கு வந்துவிட்டார். மாமா காய்கறி வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். இதுதான் சமயமென்று நான் கேட்டேன்: "அந்தக் கோயில்லே யானை இருந்ததா, சார்?"

ஜட்ஜ் சிரித்தார். "ஆபரேஷனுக்கு முதல் நாள் போனோம். எனக்கு ஒண்ணும் தெரியலை. பார்வை வருமோ வராதோன்னு ஒரே நடுக்கம். 'என்ன இருக்கு, சொல்லுடா'ன்னேன். கமுகு, மயில், யானைன்னு சொல்லிண்டே போனான். நடுக்கம் நின்னுடுத்து."

"அப்புறம்?"

"கட்டு அவிழ்த்ததும் மறுபடி அங்கேதான் போனேன். வாசல்லேயே கால்லே விழுந்துட்டான். 'யானை மட்டும் இல்லே எஜமான், வாய்லே வந்துடுத்து'ன்னு அழறான். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். அப்படி ஒரு அழகு! ஆனா, யானை இல்லாதது குறையாத்தான் பட்டது."

ஜட்ஜ் அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இப்போ பார்வை மறுபடி மங்கறது. இனி ஒண்ணும் பண்ணறதுக்கில்லேன்னுட்டா. அதான் அவனைக் கூட்டிண்டு போக வந்தேன்."

மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டார். காய்கறிக் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, ஜட்ஜைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

வண்டி பாலத்தை நெருங்கும்போதே, "இதாக்கும் எஜமான், நம்ம ஆறு..." என்று தொடங்கிவிட்டது அவர் குரல். அன்று அந்த ஆற்றில் என்னென்ன நீந்தியதோ தெரியாது. கூடையோடு பாதி தூரம் வண்டியின் பின்னாலேயே நடந்துவிட்டேன்.