லூதர் நாட்டுப் பார்லித் தண்ணி

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. தோல் காற்சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் மரச் சுத்தியலால் பீப்பாவில் ஓங்கி அடித்தார். நுரை சீறிக்கொண்டு வந்தது. நேசையா மாஸ்ரர் மெல்லத் திரும்பி, வந்திருந்த பெண்களின் முகங்களைப் பார்த்தார்.

பிழை அவருடையதுதான். "எங்கடை ஊர்க் கோடை விழா, அப்பா, கட்டாயம் பாருங்கோ" என்று மகன் கிங்ஸ்லி ஜேர்மனியிலிருந்து வீடியோ கசெற் அனுப்பியிருந்தான். திருச்சபையைச் சீர்திருத்திய லூதர் பிறந்த நாட்டில் விழா என்றால் கோயில் விழாவாகத்தானே இருக்க வேண்டும்? மாஸ்ரர் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்தார். தான் ஒருமுறை போட்டுப் பார்க்காமலே மானிப்பாய் மாதர் சங்கம் முழுவதையும் வீட்டுக்கு அழைத்துவிட்டார்.

முன்வரிசையில் ஐரிஸ் அக்கா இருந்தார். மதுவிலக்குச் சங்கத் தலைவி. அவருடைய மகள் மேர்சியைக் கிங்ஸ்லிக்குக் கேட்டு மாஸ்ரர் நடையாய் நடந்திருந்தார். "குடிக்கிறவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன். முதல்லை பெடியனைப் பாப்பம்" என்று சொல்லித்தான் அக்கா வந்திருந்தார்.

"அதென்ன மாஸ்ரர், பீப்பாக்குள்ளை?"

"பார்லித் தண்ணி, அக்கா." வேறொன்றும் அவர் வாயில் வரவில்லை. "அந்த நாட்டிலை பார்லி நல்லா விளையும்."

"இவ்வளவு நுரையோ?"

"நல்லாக் கொதிச்சது."

மாதர் சங்கம் அப்படியே நம்பியது.

"ஊர் முழுக்க நீர்க்கடுப்போ, பாவம்?" என்றார் ஒருவர்.

"வருத்தம் வரமுதலே குடிக்குதுகள். அதுதான் அந்தச் சனத்தின்ரை கெட்டித்தனம்" என்றார் இன்னொருவர்.

மாஸ்ரரின் மனைவி பியாட்றிஸ் என்னவோ நினைத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் அடுப்பு மூட்டப் போனாள்.

பீப்பாவை விட்டுவிட்டால், அது உண்மையிலேயே வியக்கவேண்டிய விழாதான். சின்ன ஊர். எல்லாச் சன்னலிலும் பூச்சட்டி. இளைஞர்கள் ஒன்றாகத் தோள்கொடுத்து, உச்சியில் மலர்வளையம் கட்டிய ஒரு நெடிய மரத்தை நிமிர்த்தி நட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்த கிழவரை நாற்காலியோடு தூக்கி, வாத்தியக்காரருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மானிப்பாய்ச் சனம்போல யாரும் சுடவரும் ஹெலிக்கொப்ரருக்குப் பயந்து வானத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஊரே தெருவில் பயமில்லாமல் ஆடியது. மகன் இப்படி ஓர் இடத்தில் இருக்கிறானே என்று மாஸ்ரர் கர்த்தரைத் துதித்தார்.

அந்தத் துதி முடியவில்லை, திரையில் மகனே வந்துவிட்டான். பெரிய கூடாரத்துக்குள், உட்காரும் நீள வாங்கில்மேல் ஏறி நின்று, இரண்டு கையிலும் இரண்டு பெரிய கிளாசோடு ஆடிக்கொண்டிருந்தான்.

"பெடிக்கு ஏன் ரெண்டு?" என்றார் ஐரிஸ் அக்கா.

"மற்றது பக்கத்திலை நிக்கிற ஆளுக்கு."

கிங்ஸ்லி இரண்டையும் குடித்தான்.

"ஏன் எல்லாரும் அங்காலும் இஞ்சாலும் ஆடுகினம்?"

"பாமாலை பாடுகினம், அக்கா."

திரையில் ஒரு தடித்த மனிதர் சரிந்து விழுந்தார்.

"அவருக்கென்ன?"

"ஆவியிலை நிறைஞ்சிட்டார்."

"லூதர் சபையார் எப்பயிருந்து, மாஸ்ரர், பெந்தெகொஸ்தே ஆனவை?"

மாஸ்ரர் பாய்ந்துபோய் டெக்கை நிறுத்தப் பார்த்தார். அழுத்தியது படத்தை வேகமாக ஓட்டும் பொத்தானை. இப்போது கிங்ஸ்லி கண்மூடித் திறக்குமுன் கிளாஸ் கிளாசாகக் குடித்துத் தள்ளினான்.

"என்ன தாகமடி அந்தப் பிள்ளைக்கு!" என்று மாதர் சங்கம் உருகியது.

அந்த நேரம் பார்த்துப் பியாட்றிஸ் தட்டம் நிறைய அசல் பார்லித் தண்ணியோடு வந்தாள். "அங்கை பிள்ளை குடிக்கேக்கை நாங்கள் சும்மா இருக்கலாமோ? எடுங்கோ, எடுங்கோ."

எப்படிக் குடிப்பது என்று எல்லோரும் படத்தில் பார்த்திருந்தார்கள். தம்ளர்களை முட்டினார்கள். கை கோத்தார்கள். கீர்த்தனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே வரிசையாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினார்கள். மதுவிலக்குச் சங்கப் பொருளாளர் அம்மா வாங்கில்மேல் ஏற முயல, அவரை இரண்டு பேர் பிடித்து இறக்கவேண்டியதாயிற்று.

ஐரிஸ் அக்கா மட்டும் ஆடவில்லை. ஒரு வாய் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"மாஸ்ரர், ஒருக்கா விறாந்தைக்கு வாங்கோ."

சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது என்று மாஸ்ரருக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அக்கா, அது பியர். நான் பொய்தான் சொன்னனான். பெடியன் குடிக்கிறான். ஆனா நல்ல பிள்ளை, அக்கா. உங்கடை மேர்சியைக் கண்கலங்க விடமாட்டான்."

ஐரிஸ் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். கீர்த்தனை உச்சத்தில் இருந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"கலியாணத்துக்கு நாள் வையுங்கோ, மாஸ்ரர். அவ்வளவு குடிச்சும் பெடியன் வாங்கிலை நேரா நிக்கிறான். நான் அந்த ஜேர்மனியிலை நேர்ஸ் படிக்கேக்கை, உப்பிடி ஒரு வாங்கிலை ஏறி, ரெண்டாம் கிளாசிலையே கீழை விழுந்தனான்."