தேவசகாயம் சாரின் பாட்டும் என் புது மதர்போர்டும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளை வாங்குவதானாலும் அதைப் பற்றி உலகத்தில் இருக்கிற அத்தனையையும் படித்துத் தெரிந்துகொள்வேன். பிறகு கடைக்குப் போய்த் தப்பானதை வாங்கி வருவேன். (குடை, குக்கர், ஹெல்மெட் மூன்றிலும் இது நிரூபணமாகியிருக்கிறது. சாட்சி, என் அம்மா.)

அப்போது எங்கள் வீடு தாம்பரம் சானடோரியத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. வார நாட்களில் நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜனங்கள் தப்பான பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்ப்பதுதான் அங்கே என் வேலை. (இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) சனி, ஞாயிறுகளில் நான் ஸ்டூடியோ முதலாளி. ஸ்டூடியோ என்றால், சுவரெல்லாம் அம்மாவின் பழைய போர்வைகள் தொங்கும் பின்னறை. உள்ளே ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்சார ரயில் கால அட்டவணை. இரண்டு ரயில்களுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில் பாட்டைப் பதிவு செய்துவிட வேண்டும்.

அந்த வருடம், ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் போகும் சர்ச்சின் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு ஒரு சிடி போட முடிவு செய்தது. குழுவை நடத்துபவர் தேவசகாயம் சார், கணக்கு வாத்தியார். முப்பது வருடமாக ஊரையே பாட வைத்த மனிதர், தான் மட்டும் தனியாக வாய் திறந்ததில்லை. அவ்வளவு கூச்சம். குழுவின் ஒன்பது பாட்டுகளும் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அவர் மட்டும் வந்தார். அவரே எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு தாலாட்டைப் பாட வேண்டுமாம். கதவைச் சாத்தச் சொன்னார். மானிட்டரைத் தவிர வேறெங்கும் பார்க்காதே என்று எனக்கு உத்தரவு போட்டார். பிறகு பாடினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடித்ததும் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி என்னால முடியாதுப்பா, பத்திரமா வெச்சுக்கோ" என்றார்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் செத்துப்போனது. திறந்து பார்த்தால், எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டில் இருந்த குட்டிக் குட்டி கப்பாசிட்டர்கள் எல்லாம் பூரி மாதிரி உப்பியிருந்தன. நான் பதறவில்லை. போர்டுதானே போயிருக்கிறது, பாட்டுகள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன என்று அம்மாவுக்கே தைரியம் சொன்னேன்.

மூன்று நாள் இன்டர்நெட்டில் கிடந்து, புது போர்டுக்குப் பதினேழு நிபந்தனைகள் எழுதினேன். என் பிராசஸர் அதில் உட்கார வேண்டும், பழைய ராம் பொருந்த வேண்டும், சவுண்ட் கார்டுக்குச் சரியான ஸ்லாட் இருக்க வேண்டும், அந்த ஸ்லாட்டை வேறெதுவும் தொந்தரவு செய்யக் கூடாது, இப்படியே போகும். பதினேழாவது நிபந்தனை, போர்டு கறுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது.

கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் என் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். "இன்னா சார், பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ கண்டிசன் போட மாட்டாங்களே" என்றார். பிறகு நான் பையில் கொண்டுபோயிருந்த செத்த போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே போர்டு நம்மகிட்ட ஒண்ணு கீது சார். செகண்ட் ஹேண்டுதான், ஆனா ஷோக்கா ஓடும். டிஸ்க்கு ரெண்டு போட்டு ஒண்ணா சேத்துக்கினு கீறீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப இத்தயே எட்துக்கினு போங்க. வேற போட்டா பேஜாராய்டும்."

பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று என் புத்தி உடனே கண்டுபிடித்துவிட்டது. "டிஸ்க்கெல்லாம் நான் பாத்துக்கறேன், எனக்குப் புதுசுதான் வேணும்" என்று கம்பீரமாகச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, பதினேழு நிபந்தனைகளும் பொருந்துகிற கறுப்பு போர்டை எடுத்துக் கொடுத்தார். ரயிலில் சானடோரியம் வரும்வரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன்.

அவர் சொன்னது என்னவென்றால் இதுதான். வேகம் வேண்டுமென்று நான் இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்கி வைத்திருந்தேன். பழைய போர்டு ஒவ்வொரு பாட்டையும் துண்டு துண்டாக்கி, ஒரு துண்டை இதிலும் அடுத்த துண்டை அதிலுமாக எழுதிக்கொண்டிருந்தது. எந்தத் துண்டு எங்கே என்பது அந்த ரக போர்டுக்குத்தான் தெரியும். இரண்டு வருடமாக அது சத்தம் போடாமல் இந்த வேலையைச் செய்துவந்ததால் நான் மறந்தே போனேன். மூச்சு விடுவதை யாராவது பட்டியலில் எழுதுவார்களா?

புது போர்டை மாட்டினேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. அம்மா கையைத் தட்டினார். திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்க்கில் ஒன்றுமே புரியவில்லை, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யட்டுமா?

'எஸ்' என்பதை அமுக்கினேன்.

ஏன் அமுக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கம்ப்யூட்டர் மரியாதையாக ஒன்று கேட்டால் சரி என்று சொல்லிவிடுகிற பழக்கம். அந்த நீலப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து கடைசிவரை போன பிறகுதான், என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. பத்துப் பாட்டும் போச்சு. வேறு பிரதி? எங்கேயும் கிடையாது. பிரதி எடுத்து வைப்பது பதினெட்டாவது நிபந்தனையாக இருந்திருக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பசிக்குதாடா?" என்றார் அம்மா. செத்துப்போகலாம் போலிருந்தது.

மறுநாள் தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்பா பாதி பாதியா வெச்சே?"

"வேகத்துக்கு சார்."

"நம்ம பாட்டு ஒண்ணு எத்தன நிமிஷம்?"

"நாலு நிமிஷம் சார்."

"நாலு நிமிஷப் பாட்டு நாலு நிமிஷம்தானே ஓடும். அதுக்கு எதுக்குப்பா வேகம்?"

அடுத்த பேப்பரை எடுத்து, அதைப் பார்த்தபடியே, "நான் பாடினது?" என்றார்.

"அதுவும்தான் சார்."

"சரி" என்றார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அந்த ஒரு 'சரி'யைச் சுமந்துகொண்டு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பது எனக்கே தெரியாது.

குழு முறைத்துக்கொண்டே ஒன்பது பாட்டுகளையும் மறுபடி பாடிக் கொடுத்தது. (முறைத்துக்கொண்டு பாடினாலும் மைக்கில் தெரியாது.) சார் தன் பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது? சிடிக்குக் கொடுக்க வேண்டிய கடைசிச் சனிக்கிழமை அவராகவே வந்து நின்றார். "ஒரே வாட்டிதான்" என்றார்.

கால அட்டவணையைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் எந்த ரயிலும் இல்லை. கையைக் காட்டினேன், ஆரம்பித்தார். முதல் தடவையைவிட நன்றாகவே பாடினார். மூன்றாவது அடி, 'ஊரெல்லாம் ஓசையின்றி அடங்கியதே' என்று இழுத்தார். அந்த இடத்தில், எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு கூட்ஸ் வண்டி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'பாஆஆஆம்' என்றது.

என் உயிர் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஐம்பத்துச் சொச்சம் பெட்டிகள் தடதடக்க, கடைசி வரி வரை பாடி முடித்தார்.

"சார், ரயில்..."

"பதிவாச்சா?"

"ஆச்சு சார், ஆனா..."

"அப்ப மொதல்ல அத நாலு எடத்துல எழுதி வை" என்றார்.

சிடி அப்படியேதான் வெளிவந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு எங்கள் சர்ச்சில் அந்தத் தாலாட்டைப் பாடினால், மூன்றாவது அடி முடிந்ததும் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே 'பாம்' என்பார்கள். பெரியவர்கள் அதட்டுவதுபோல் அதட்டிவிட்டுச் சிரிப்பார்கள். தேவசகாயம் சார் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் மன்னித்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலேயே இருந்தது.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அதே சர்ச். கீபோர்டில் சார். குழு அந்தத் தாலாட்டைத்தான் பாடியது (கல்யாணத்துக்குத் தாலாட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை). மூன்றாவது அடி முடிந்தது. பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள், சார் பத்து விரல்களையும் கீபோர்டில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார். 'பாஆஆஆம்!' பாஸ்டர் உட்பட சர்ச்சே குலுங்கியது. சார் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற மணப்பெண் முக்காட்டுக்குள்ளிருந்து, "என்னங்க இது, எதுக்கு அழறீங்க?" என்று பதறினாள்.

"ஒரு மதர்போர்டு வாங்கினேன்" என்றேன்.

அந்த நிமிடம் வரைக்கும் அவள் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம். இப்போது எங்கள் வீட்டில் எதை வாங்குவதானாலும், பட்டியல் போட எனக்கு அனுமதி உண்டு. கடைக்கு அவள்தான் போவாள்.