முப்பது கிலோ முன்னேற்பாடு

விமான நிலைய வரிசைகள் ஏன் நகர்வதில்லை என்ற கேள்விக்கு உலகம் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. திருக்காட்டுப்பள்ளி தேடவில்லை. அங்கே விடை கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. கண்டுபிடித்தவர் நெல் வியாபாரி குழந்தைராஜ். அதை அவர் இதுவரை உலகத்துக்கு அறிவிக்காததற்கு ஒரே காரணம், உலகம் அவரிடம் கேட்கவில்லை.

மகள் ஜாஸ்லினைச் சிங்கப்பூருக்கு வழியனுப்பத் திருச்சி விமான நிலையம் போன அன்றுதான் ஆராய்ச்சி தொடங்கியது. டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அவர் வெளியே நின்று, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு, பை போடும் வரிசையை இரண்டரை மணி நேரம் 'அவதானித்தார்'. அவர் நகர்ந்த பிறகு காவலர் ஒருவர் வந்து அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போனார்.

ஆராய்ச்சியின் முடிவு அன்பியக் கூட்டத்தில் வெளியிடப்பட்டது. அன்பியம் என்பது அவர் தெருவில் உள்ள பதினெட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடி ஜெபம் சொல்லிச் சுண்டல் சாப்பிடுகிற அமைப்பு. ஜெபத்துக்கும் சுண்டலுக்கும் நடுவில் குழந்தைராஜ் எழுந்தார்.

"வரிசை ஏன் நகரல? முன்னாடி நிக்கிறவன் தயாராகாம வந்திருக்கான். அவ்வளவுதான் விஷயம். கவுண்டர்கிட்ட போனப்புறம் பாஸ்போர்ட்டைத் தேடுறான். பையைத் தராசுல வச்சப்புறம்தான் அது கனம்னு அவனுக்கே தெரியுது. உடனே நடுக்கூடத்துல குந்திக்கிட்டு, ஊறுகாயை எடுக்கவா, உள்பாவாடையை எடுக்கவான்னு பொண்டாட்டியைக் கேக்குறான். பின்னாடி நூறு பேர் நிக்கிறான்."

"நீங்க எத்தனை தடவை உள்ள போயிருக்கீங்க?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ரெமிஜியஸ்.

"போனதில்ல சார்."

"அப்புறம் எப்படி?"

"உள்ள நிக்கிறவனுக்கு முன்னால நிக்கிறவன் முதுகுதான் சார் தெரியும். வெளிய நின்னாத்தான் வரிசை முழுசும் தெரியும்."

ரெமிஜியஸ் சார் யோசித்துவிட்டு, சுண்டல் எப்போது வரும் என்று கேட்டார். தத்துவம் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஏற்றுக்கொள்ளப்பட்ட தத்துவத்தை நடைமுறைப்படுத்த ஒரு சந்தர்ப்பமும் வந்தது. ஜாஸ்லினுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று, வியாழக்கிழமை காலை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மா மூஞ்சியைப் பாத்துடணும்ப்பா" என்று போனில் சொன்னாள். குழந்தைராஜுக்கும் மனைவி ஆரோக்கியத்துக்கும் புதன்கிழமை பிற்பகல் விமானத்தில் இடம் கிடைத்தது. அதை விட்டால் சனிக்கிழமைதான்.

மற்ற மனிதர்களாக இருந்தால் உடனே துணிமணியை மடிக்க ஆரம்பித்திருப்பார்கள். குழந்தைராஜ் முதலில் ஒரு நோட்டு வாங்கி, அதன் அட்டையில் 'பயண ஆயத்தம்' என்று எழுதினார். டிக்கெட், விசா, ஆதார், மருமகனின் விலாசம் எல்லாம் லேமினேட் செய்யப்பட்டன. பாஸ்போர்ட்டையும் அப்படியே செய்யச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் மறுத்துவிட்டார். தொலைநோக்கு இல்லாதவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

பிறகு நெல் குடோனில் ஒத்திகை நடந்தது. ஒரு மேஜை, அதன் பின்னால் அதிகாரியாக மூட்டை தூக்கும் இராஜாங்கம், எதிரே பயணியாக ஆரோக்கியம்.

"பேர் என்னங்கம்மா?" என்றார் இராஜாங்கம்.

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"ஆரோக்கியம், அங்க போயி இப்படிப் பேசினா வரிசை நின்னு போகும்."

"அங்க இராஜாங்கமா கேக்கப் போறான்?"

மூன்றாவது ஒத்திகையில் ஐம்பது விநாடியில் வேலை முடிந்தது. அடுத்தது எடை. ஆளுக்கு முப்பது கிலோ கொண்டுபோகலாம். வடகம், மோர்மிளகாய், பிரசவ லேகியம், ஜாஸ்லினுக்குப் பிடித்த சீரகச் சம்பா அரிசி எல்லாம் ஏறியிருந்த முதல் பையை இராஜாங்கம் தூக்கித் தராசில் வைத்தார். வைத்த பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அய்யா, கனமால்ல இருக்கு."

"தராசு என்ன சொல்லுது?"

"தராசு முப்பதுங்குது."

"அப்ப முப்பதுதான்."

"ஆமாங்கய்யா. உங்க தராசு சொன்னா அதுதான்."

ஆரோக்கியம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தராசுலயா போடுறீங்க?" என்றாள்.

"ஏன், அதுக்கென்ன? இந்த வட்டாரத்து நெல்லு பூரா இதுல ஏறி எறங்கினதுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆரோக்கியம் அளவாகப் பேசுகிறவள். அவள் நிறுத்துகிற இடத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது குழந்தைராஜின் வழக்கம். முப்பது காட்டிய இரண்டு பைகளும் வெள்ளைச் சாக்குக்குள் இறக்கப்பட்டன. சாக்கு தைக்கிற மெஷினால் வாய் தைக்கப்பட்டது. மேலே சிவப்பு மையில் கடை முத்திரை, 'கு.ரா.' ஜிப்பை அவர் நம்புவதில்லை. ஜிப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

புதன்கிழமை. மூன்று மணி விமானத்துக்குப் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். இப்போது கண்ணாடிக்கு உள்பக்கம். வரிசையில் அவர்கள் எட்டாவது. பன்னிரண்டுக்குத் திறக்கும் கவுண்டரில், வரிசையை அதன் போக்கில் விட்டிருந்தால் பன்னிரண்டரைக்கெல்லாம் வேலை முடிந்திருக்கும். ஆனால் கண்ணெதிரே நூறு பேர் அறியாமையில் நிற்கும்போது தெரிந்தவன் சும்மா நிற்க முடியுமா? நம்மில் யாரால் முடிந்திருக்கிறது?

"தம்பி, பாஸ்போர்ட் எங்க இருக்கு?" என்று முன்னால் நின்ற இளைஞனைக் கேட்டார்.

"பையில இருக்கு சார்."

"பையில இருந்தா? கையில இருக்கணும்."

அந்த இளைஞன் பையைத் திறந்தான். சார்ஜர், டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு எல்லாம் வெளியே வந்தன. வரிசை அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அடுத்து ஒரு அம்மாளிடம், கைப்பையில் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்தார். அவர் இல்லை என்றார். நன்றாகப் பாருங்கள் என்றார் இவர். அவர் பார்த்தார். இருந்தது. அதை இன்னொரு பைக்கு மாற்ற அவருடைய மூன்று பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்தார்கள். குழந்தைராஜ் ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டே பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது ஆரோக்கியம், "முன்ன போறவங்களை விடச் சொல்லிட்டுப் போனீங்களே, பதினஞ்சு பேரை விட்டுட்டேன்" என்றாள்.

"எல்லாரும் தயாராகாதவங்க. விட்டது நல்லதுதான். இல்லாட்டி நம்ம பின்னாடி நின்னு தொந்தரவு பண்ணுவாங்க."

"மணி ஒண்ணே கால். ரெண்டு மணிக்குக் கவுண்டரை மூடுறாங்களாம்."

"நமக்கு அம்பது செகண்டு போதும் ஆரோக்கியம்."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணே, நீங்களா?"

தியாகு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். ஐந்து ஏக்கர் சம்பாவும் குறுவையுமாகப் பதினேழு வருடமாக நெல்லைக் குழந்தைராஜிடமே போடுகிறவர். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். மகனைப் பார்க்கப் போகிறார். தோளில் துண்டு, காலடியில் ஒரு பை.

"தியாகு, பையை எடை போட்டியா?"

"போட்டேண்ணே. எங்க ஊர் ரேஷன் கடையில. இருபத்தஞ்சு."

குழந்தைராஜ் இரக்கத்துடன் சிரித்தார். "ரேஷன் கடைத் தராசை நம்பியா வந்தே? நம்ம கடைக்குக் கொண்டாந்திருந்தா கரெக்டா போட்டுக் குடுத்திருப்பேனே."

"நீங்களே போற அவசரத்துல இருப்பீங்கன்னுதாண்ணே."

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஷிஃபா என்று பெயர் இருந்தது. குழந்தைராஜ் பாஸ்போர்ட்டுகளையும் லேமினேட் செய்த தாள்களையும் சீட்டு விரிக்கிற மாதிரி விரித்தார். பத்து விநாடி. முதல் பையைத் தூக்கி வைத்தார்.

"முப்பத்திமூணு புள்ளி மூணு இருக்கு சார். முப்பதுதான் போகும்."

"இருக்காதும்மா. முப்பதுதான்."

"மெஷின்ல பாருங்க சார்."

"நான் வீட்டுலயே பாத்துட்டேன். மெஷினை நீங்க பாருங்க."

இரண்டாவது பை. முப்பத்திமூன்று புள்ளி நான்கு.

"இப்ப என்ன சார் சொல்றீங்க?"

"ரெண்டாவதையும் தப்பாக் காட்டுதும்மா."

"கூடுதல் எடைக்குப் பணம் கட்டிடுங்க. இல்லாட்டி எடுத்துடுங்க."

"பணம் ஒரு விஷயமே இல்ல. பணத்தைக் கட்டினா எடை கூடன்னு நான் ஒத்துக்கிட்டதா ஆயிடும். அதான் விஷயம்." கொஞ்சம் யோசித்தார். தொழிலில் பழுத்தவருக்குக் காரணமா கிடைக்காது. "உள்ள ஏசி போட்டிருக்கீங்கள்ல. அரிசி ஈரம் இழுத்திருக்கும்."

"மூணு கிலோ ஈரமா சார்?"

பின்னாலிருந்து தியாகு மெதுவாகக் கேட்டார். "அண்ணே, வீட்டுல நாப்பது கிலோ போட்டுக் கட்டுற மூட்டை உங்க கடையில முப்பத்தாறு இருக்கும்ல. கேட்டா, வர்ற வழியில வெயில்ல காஞ்சிருக்கும்பீங்க."

"ஆமா, காயும்ல."

"எங்க நெல்லுன்னா காயுது. உங்க அரிசின்னா ஈரம் இழுக்குதா?"

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். குழந்தைராஜ் பொய் சொல்லவில்லை. அந்தத் தராசைப் பத்துக்கு ஒன்று குறையக் காட்டும்படி அவர் சரிசெய்து வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் அவருக்கு நினைவிருந்தது. பிறகு தினம் தினம் அதன் பக்கத்தில் நின்று, "நம்ம தராசு பேசாது, பேசினா பொய் பேசாது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை முழுமனதாக நம்பிய ஒரே வாடிக்கையாளர் அவராகிவிட்டார். விவசாயிகள் கூட அவ்வளவு நம்பவில்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

இப்போதுதான் அது ஞாபகம் வந்தது. வந்த இடம் சரியில்லை. பின்னால் தியாகு நிற்கிறார். தியாகுவுக்குத் தெரிந்தது ஆற்றின் இரண்டு கரைக்கும் தெரிந்த மாதிரி.

"இந்த மெஷின்தாம்மா தப்பு" என்றார், குரலை உயர்த்தி.

"அப்ப என் பையை வச்சுப் பாருங்களேன்" என்றார் தியாகு. யாரும் அனுமதி கொடுப்பதற்குள் தூக்கி வைத்துவிட்டார்.

இருபத்தைந்து. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒற்றைச் செருப்பு இளைஞன், "சரியாத்தானே இருக்கு" என்றான். அவனுக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டிருந்தது, கையில் வைத்திருந்தான்.

ஷிஃபா பொறுமையான பெண். "சார், மணி ஒண்ணு நாப்பத்திநாலு. எங்க மெஷின் தப்புன்னு நீங்க சொன்னா, நான் மேனேஜரைக் கூப்பிடணும். நீங்க புகார் எழுதணும். அவங்க வந்து சோதனை பண்றதுக்குள்ள கவுண்டர் மூடிடும். நீங்க சனிக்கிழமை போய்க்கலாம். இல்ல, உங்க தராசு தப்புன்னா சொல்லுங்க. எடுக்க வேண்டியதை எடுத்துட்டுக் கிளம்பிடலாம். எது தப்பு சார்?"

குழந்தைராஜ் ஆரோக்கியத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் அவள். "நான் அன்னைக்கே கேட்டேன். நாளைக்குக் காலையில பிள்ளை உள்ள போறப்ப வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும். உங்க தராசா, அவளா, சீக்கிரம் முடிவு பண்ணுங்க. தராசுன்னா நீங்க இருங்க. நான் இந்தச் சீலையோட போறேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கவுண்டர் மேஜையில் குனிந்து, குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குனிகிற மாதிரி குனிந்து, ஏதோ சொன்னார்.

"கேக்கல சார்."

"எங்க தராசு."

"எங்க தராசு?"

"எங்க தராசுதாம்மா தப்பு."

"எவ்வளவு கொறச்சுக் காட்டும் சார்? கைப்பையும் அதுலதானே போட்டிருப்பீங்க, அதுக்குத்தான் கேக்குறேன்."

"பத்துக்கு ஒண்ணு கொறையும்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் அதை இன்னும் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றபோது அவருக்கு இந்தச் சத்தம் கேட்டதில்லை.

ஷிஃபா கத்தரிக்கோல் தேடினாள். "வேணாம்மா" என்றார் தியாகு. "மெஷின் தையல்தான். நுனி தெரிஞ்சா போதும்." கு.ரா. முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று மொத்தத் தையலும் பிரிந்து அவர் கையில் வந்தது. பிறகு இரண்டாவது சாக்கு. குழந்தைராஜ் நடுக்கூடத்தில் குந்தினார்.

"வடகத்தை எடுக்கவா, அரிசியை எடுக்கவா?" என்று மனைவியைக் கேட்டார்.

பின்னால் நூறு பேர் நின்றார்கள்.

"அரிசியை எடுங்க. லேகியத்துல கை வைக்காதீங்க."

"அரிசியை இப்படிக் குடுங்கண்ணே" என்றார் தியாகு. "என் பையில அஞ்சு கிலோ எடம் இருக்கு. பாப்பாவுக்கு ஆசையா எடுத்துட்டு வந்திருக்கீங்க. எறங்கினதும் தர்றேன். மிச்சத்தைக் கைப்பையில வச்சுக்கங்க."

ஒன்று ஐம்பத்தாறுக்கு இரண்டு போர்டிங் பாஸும் கைக்கு வந்தன. ஆரோக்கியம் அவற்றை வாங்கித் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, முந்தானையைச் செருகி, பாதுகாப்புச் சோதனை இருக்கிற பக்கம் நடக்கத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தியாகுவின் முறை வந்தது. பாஸ்போர்ட், பை, எடை, சீட்டு. நாற்பது விநாடி. அந்த வரிசையில் அன்று அதுதான் சாதனை.

குழந்தைராஜ் அவருக்காகக் காத்திருந்தார். இரண்டு பேரும் ஆரோக்கியம் போன பக்கமாக நடந்தார்கள்.

"தியாகு, ஊர்ல இதைப் போயி..."

"சேச்சே. நான் எதுக்குண்ணே சொல்லப் போறேன்."

"இல்ல, நாலு பேர் நாலு விதமா..."

"நான் சொல்ல மாட்டேண்ணே. நீங்க நிம்மதியா போயி பேரப்பிள்ளையைப் பாருங்க." தியாகு துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். வர்ற குறுவை அறுப்புக்கு நெல்ல எடை போட நேரா இங்கயே ஏத்திக்கிட்டு வந்துரட்டா? வரிசை மெதுவாத்தான் போகும். பரவால்ல, நிக்கிறேன்."