புஜைராவில் நான் வானத்துக்கு எறிந்த பந்து

வளைகுடாவில் வேலைக்குப் போனவன் முதலில் மறக்கும் வார்த்தை 'தெரியாது'. வெல்டிங் தெரியுமா? தெரியும். கிரேனுக்குச் சைகை காட்டுவாயா? காட்டுவேன். இரண்டாயிரங்களின் நடுவில், புஜைராவில் எண்ணெய் டாங்கி கட்டும் சைட்டில் இருந்தபோது, "பேஸ்பாலில் கேட்சராக நிற்கத் தெரியுமா?" என்று வால்ட் கேட்டதற்கும் என் வாய் தானாகவே "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டது.

வால்ட் எங்கள் அமெரிக்க சூப்பர்வைசர். அதற்கு முன் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர். (நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.) பெரிய அணி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. சின்ன ஊர் அணிகளில் ஒன்று கழற்றிவிட இன்னொன்று என்று பஸ்ஸிலேயே இளமை போயிற்று. பந்து பட்டுப் பட்டு விரல்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பியிருக்கும். அவர் "அங்கே போ" என்று கை நீட்டினால் எங்கே என்று நாங்கள் குழம்புவோம்.

பக்கத்து கம்பெனி அமெரிக்கர்களோடு வெள்ளிக்கிழமை மேட்ச். வால்டுக்கு முட்டி போய்விட்டது, குந்த முடியாது. கேம்ப் கிரிக்கெட்டில் நான்தான் கீப்பர் என்று ரூம்மேட் முருகேசன் போட்டுக்கொடுத்துவிட்டான். ஜெயித்தால் வெயிலிலிருந்து ஏசி ஸ்டோருக்கு மாற்றுவார் என்று நானாக ஒரு கனவு கண்டேன். வால்ட் சூயிங்கம் மென்றபடி விதிகளை விளக்கினார். அந்த இங்கிலீஷில் எனக்குப் பிடிபட்டது 'ஓகே' மட்டும்தான். நானும் ஓகே என்றேன்.

மேட்ச் அன்று முகத்துக்குக் கம்பிக்கூண்டு, நெஞ்சுக்குக் கவசம். ஆனால் நான் குந்திய அழகில் அமெரிக்கர்கள் அசந்துபோனார்கள். (நம்மூர்க்காரனுக்கு இதற்கெல்லாம் பயிற்சி எதற்கு?) கேட்சர் தொடைகளுக்கு நடுவே விரல் காட்ட வேண்டும், ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைவுப்பந்து. எனக்கோ வியர்க்குரு. ஐந்து விரலாலும் தொடையைச் சொறிந்தேன். பந்து வீசிய பிலிப்பைன்ஸ்காரர் ஜுன், அது என்ன பந்து என்று தெரியாமல் விழித்தார்.

எப்படியோ கடைசிவரை ஒரு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருவன் அவுட்டானால் வெற்றி. அவர்கள் ஆட்கள் இருவர், ஒருவன் பின் ஒருவனாக, என்னை நோக்கி ஓடி வந்தார்கள். பந்து என் கையுறைக்குள் கச்சிதமாக விழுந்தது. முதல் ஆள் இன்னும் தூரத்தில்தான். அவன் உடம்பைப் பந்தால் தொட்டால்தான் அவுட். நானோ கிரிக்கெட் ரன் அவுட் என்று நினைத்து, காலடியில் இருந்த பலகையில் பந்தைத் தட்டி, "அவுட்டே!" என்று அலறி, பந்தை வானத்தைப் பார்த்து வீசினேன்.

"பந்த எடுடா! ஓடுறான் பாரு!" என்று முருகேசன் கத்தினான். பாராட்டுகிறான் என்று நினைத்துக் கை ஆட்டினேன். எனக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் ஓடி முடித்தார்கள், இரண்டு ரன். பந்து ஒரு பிக்கப் வண்டியின் கூரையில் டங்கென்று விழுந்தது.

வால்ட் நொண்டியபடி வந்தார். கூண்டைக் கழற்றினேன்.

"சார், எனக்கு இந்த ஆட்டம் தெரியாது சார்."

"கலாஸ்" என்றார் வால்ட். அரபியில், எல்லாம் முடிந்தது. ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ அப்படியே மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வண்டியில் திரும்பும்போது இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "ஒருமுறை நான் எறிந்த பந்து எங்கள் பந்துவீச்சாளரின் பின்புறத்திலேயே பட்டது. மறுநாள் காலை என் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்கள். உலகத்திலேயே மோசமான கேட்சர் நான்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தேங்க் யூ."

ஏசி ஸ்டோர் கிடைக்கவில்லை. வீட்டில் இதைப்பற்றி நான் மூச்சுவிடவில்லை. ஆனால் லீவில் போன முருகேசன், என் பார்சலைக் கொடுக்கப் போன இடத்தில், என் மனைவிக்கும் மகளுக்கும் முழுக்கதையையும் குந்தியே நடித்துக் காட்டிவிட்டான்.

போன மாதம் மகள் இன்டர்வியூ முடித்து வந்து, "நல்லா பண்ணிருக்கேம்ப்பா" என்றாள். லட்டு வாங்கச் செருப்பை மாட்டினேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, ஆளத் தொட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா, ஆர்டர் வரல" என்றாள் மகள்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.