மேற்பார்வைத் தகப்பனார்

தகப்பனார்களில் மேற்பார்வைத் தகப்பனார் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் உடம்பு இளைக்க வேண்டும் என்றால், தம் உடம்பைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் அசைக்கத் தயாராக இருப்பவர்.

நாம் பார்க்கப்போகிறவர் காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு மேலாளர். பன்னிரண்டு வயது மகளுக்கு எடை அதிகம் என்று பள்ளி மருத்துவர் எழுதி அனுப்பியதும் ஆடிப்போனார். மறுநாளே மருத்துவமனையின் ஆறு மாத வாழ்க்கைமுறைத் திட்டத்தில் அவளைச் சேர்த்தார். 'குடும்பம் முழுவதும் கடைப்பிடிக்கும்' என்று படிவத்தில் இருந்த வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டார். படித்துவிட்டா போட்டார்? நாளொன்றுக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிறவர் எதைத்தான் படித்தார்?

வீட்டில் நிர்வாகம் தொடங்கியது. ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை, குளியலறை வாசலில் எடை இயந்திரம், மாலையானால் பூங்கா. அங்கே மகள் நான்கு சுற்று நடக்க, இவர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "கையை வீசி நட, குனியாத" என்று ஊருக்கே கேட்கும்படி உத்தரவு போட்டு, அந்தக் களைப்பு தீர ஒரு பொட்டலம் சிப்ஸையும் காலி செய்வார். இரவுச் சாப்பாட்டில் அவளுக்கு வேகவைத்த காய்கறி. இவருக்கு வறுத்தது.

"நீங்களும் அவ சாப்பிடறதையே சாப்பிடலாமே," என்றாள் மனைவி.

"எனக்கு எதுக்கு? இது தொப்பை இல்ல, வயசு."

விருந்தாளி வந்தால் மகளைக் கூப்பிட்டு நிறுத்துவார். "போன வாரம் எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவுன்னு மாமாகிட்ட சொல்லும்மா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். அடக்கம் என்று அவர் பூரித்துப்போவார். சில வாரங்களில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தத் தொடங்கினாள். அதற்கு அவர் ஒழுங்கு என்று பெயர் வைத்தார்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் முள் கொஞ்சம்கூட இறங்கவில்லை. உணவு ஆலோசகர் மகளின் சாப்பாட்டுப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்க பதிவேடு எங்க சார்?" என்றார்.

"என்னோடதா? நான் மேற்பார்வை."

"இந்தத் திட்டத்துல அப்படி ஒரு பதவி இல்லையே சார்." பிறகு மகளிடம் திரும்பினார். "உனக்கு எதும்மா கஷ்டமா இருக்கு? பசியா, நடக்கறதா?"

"ரெண்டும் இல்ல மேடம். சாப்பிடும்போது எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. யாரும் எங்கூட சாப்பிடறதில்ல."

முப்பது பேரை அதட்டும் மேலாளர், மேசைமேல் இருந்த படிவத்தை இழுத்து, தாம் கையெழுத்துப் போட்ட வரியை முதல்முறையாகப் படித்தார்.

அன்று மாலை அவரும் நடந்தார். அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. மகள் வேகத்தைக் குறைத்தாள். "மெதுவா வாங்கப்பா, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள். அதட்டாமல் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? இரண்டாம் சுற்றில் மூச்சு திரும்பியதும், எதிரே வந்த ஒருவரை நிறுத்தி, "பிள்ளைங்களோட நாமளும் நடக்கணும் சார். இது எங்க வீட்டுல நான் கொண்டுவந்த முறை," என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரியுங்கள், தடையில்லை. ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, 'இதை நம் மச்சான் கட்டாயம் படிக்க வேண்டும்' என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமே? இந்த நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும்.