மாப்பிள்ளையைக் கட்டிப்போட்ட விவரம்

குருபரப்பள்ளி,
துன்முகி வருஷம், வைகாசி 20.

மதிப்புக்குரிய பாகலூர் சம்பந்தி திம்மராயன் அவர்களுக்கு, சென்னப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகள் ராஜாத்தியும் மாடு கன்றுகளும் சுகம். உங்கள் மகன் முனிவேலும் சுகம். அவரைத் தேட வேண்டாம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் அணை கட்டுகிறார்களே, அதன் சுவர் நிற்க மாட்டேன் என்கிறதாம், தலைச்சன் பிள்ளைகளின் தலையைக் கேட்கிறதாம், கோணிப்பையோடு ஆட்கள் கிளம்பியிருக்கிறார்களாம் என்று பத்து நாளாக ஊரெல்லாம் இதே பேச்சு. சூளகிரியில் மூன்று பிள்ளைகள் போய்விட்டதாக இங்கே சொன்னார்கள். சூளகிரிக்காரரைக் கேட்டால், குருபரப்பள்ளியில்தான் மூன்று போனதாம் என்கிறார். நான் நம்பவில்லை. ஆனாலும் தாயில்லாமல் வளர்ந்த பெண், தலைச்சனும் அவளே, கடைக்குட்டியும் அவளே என்பதால் அரிவாளைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். நேற்றுப் பட்டப்பகலில் கோணிப்பையும் தோளுமாக ஓர் அந்நியர் வந்து, கிணற்றடியில் நின்றவர்களிடம், "சென்னப்பன் வூட்டுப் பொண்ணு தனியா இருக்குதாங்க?" என்று கேட்டாரே, நீங்களே சொல்லுங்கள், எந்தத் தகப்பனுக்குத் தாங்கும்? பைக்குள் உருண்டையாக ஏதோ வேறு இருந்தது. நாலு பேர் அவர் கால் பிசகும்படி அமுக்கிப் பிடிக்க, நானே என் கையால் அவரை வண்டிச்சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினேன். "யார்ரா நீ?" என்றால் வாயே திறக்கவில்லை. நிச்சயத்துக்குப் பெரியவர்கள் மட்டும் வந்துபோனதால் எனக்கு அவர் முகம் தெரியாது.

சத்தம் கேட்டு ராஜாத்தி வந்தாள். நேரே போய்ப் பையைப் பிரித்தாள். பலாப்பழம்!

"ஏம்ப்பா, தலையெடுக்க வர்றவன் பலாப்பழத்தயா சொமந்துக்கினு வருவான்?" என்றவள், அவர் பக்கம் குனிந்து, "பயப்படாதீங்க. யாரு நீங்க?" என்று கேட்டாள்.

என்னிடம் வாய் திறக்காதவர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "முனிவேலுங்க. பாகலூரு. ஆவணியில நமக்குத்தான் கல்யாணம். உங்களுக்கு இஷ்டமான்னு யாராச்சும் கேட்டாங்களோ என்னவோ. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சம்பந்தி, அவளைப் பெற்ற நான் அதைக் கேட்கவே இல்லை.

அவள் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். நான் போட்ட முடிச்சு, லேசில் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதுவே பதில் என்று எனக்குப் பட்டது. இப்போது வீங்கிய காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறாள், சிரிப்புச் சத்தம் வேறு கேட்கிறது. இந்தப் பாவியை மன்னித்து, சம்பந்தத்தை முறித்துவிடாதீர்கள். வேண்டுமானால் நான் பாகலூர் வருகிறேன், உங்கள் வண்டியில் என்னைக் கட்டிப்போடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
சென்னப்பன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது உங்கள் மகன் பார்த்துவிட்டார். "மாமா, இத அனுப்பாதீங்க. எங்கப்பா உங்கள மட்டமா நெனச்சிருவாரு. சைக்கிள்ல உழுந்துட்டேன்னு நான் சொல்லிக்கறேன்" என்றார். எனக்காகப் பொய் சொல்லத் துணிந்த பிள்ளையிடம் சரி என்றுதான் சொல்ல முடிந்தது. உங்களிடம் மறைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே, இந்தக் கடிதம் உங்களுக்கு வரவே இல்லை; மேலே எழுதிய எதுவும் நடக்கவும் இல்லை. வீக்கம் வடிந்து அவர் வீடு வந்து சைக்கிள் கதையைச் சொல்லும்போது, தயவுசெய்து நம்பிவிடுங்கள்.