அத்தையின் உதட்டில் நின்ற மூச்சு

என் தங்கை பெற்ற செல்வத்துக்கு, தாய்மாமன் எழுதுவது. என் வீட்டுக்காரி, உன் அத்தை, நலம். நான் வழக்கம்போல் நலத்துக்கும் ஒருபடி மேல். இதில் வருவதை நீ நம்பமாட்டாய், பெற்றவளும் நம்பமாட்டாள். ஆனாலும் அத்தனையும் நடந்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து அத்தைக்குப் பேச்சு நின்றுபோனது உனக்குத் தெரியும். சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாய்தான் பணிய மறுக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாளிடம் அழைத்துப்போனேன். மேஜைமேல் ஒரு கண்ணாடி, ஒரு துண்டுக் காகிதம். அவ்வளவுதான் அவருடைய ஆயுதங்கள்.

"பேச்சுங்கறது வெளிய போற மூச்சுதாம்மா. அதை எங்க மறிக்கிறோம், எப்படி விடுறோங்கறதுல இருக்கு எல்லாம்" என்றார். உதட்டை மூடிக் காற்றை அடக்கிச் சட்டென்று திறந்தால் 'ப'. நாக்கு பல்லில் முட்டி விலகினால் 'த'. உதடு மூடியிருக்க மூக்கு வழியே விட்டால் 'ம'. அப்போது தொண்டையில் விரல் வைத்தால் உள்ளே குரல் அதிர்வது தெரியும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ம' சொல்லிப் பார்த்தேன். போக வழியில்லாமல் காற்று இரண்டு காதாலும் புகையாக வந்து, தீயணைப்பு மணி அடித்து, நோயாளிகளைக் கட்டிலோடு தெருவில் இறக்கிவிட்டார்கள்.

"தண்ணி வேணுமாம்மா?" என்று பயிற்சி அம்மாள் அத்தையைக் கேட்டார்.

"வேணாங்கறா" என்றேன் நான்.

"ஐயா, வாய் வராதது அவங்களுக்கா உங்களுக்கா? அவங்க மூச்சு எடுக்கறதுக்குள்ள நீங்க பேசி முடிச்சிடறீங்க. இந்தக் காகிதத்த அவங்க உதட்டுக்கு முன்னால பிடிச்சிட்டுச் சும்மா இருங்க."

பிடித்தேன். 'ப' வந்தால் காகிதம் துள்ள வேண்டும். தினமும் பிடித்தேன். உதடு மூடும், மூச்சு அங்கேயே நின்றுவிடும். காகிதம் அசையவில்லை, அசைந்தபோதெல்லாம் அது என் மூச்சு.

பொறுக்காமல் நானே ஒரு 'ப' போட்டுக் காட்டினேன் பார்! காகிதம் சன்னலைத் தாண்டிப் பறந்து ஒரு பஸ்ஸின் முகத்தில் ஒட்டி, நகரமே நின்றுவிட்டது. அந்த வித்தையைக் கண்ட அத்தை நேற்று வாய் திறந்து, கணவனின் அருமை பெருமைகளை ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றினாள். தெருவே கை தட்டியது.

உனக்கு நல்ல மூச்சும், தடங்கலற்ற நாக்கும், நீ பேசும்போது வாயை மூடத் தெரிந்த கணவனும் வாய்க்க ஆசிகள்.

தாய்மாமன்

பின்குறிப்பு: புகை பொய். பஸ் பொய். சொற்பொழிவு கடைந்தெடுத்த பொய். நேற்று பக்கத்து வீட்டுத் தையற்காரரிடம் என் வீரப்பிரதாபத்தை அளந்துகொண்டிருந்தேன். அத்தையின் உதடு மூடியது, திறந்தது. "போதும்" என்றாள். ஒரே ஒரு சொல். அது மட்டும் சத்தியமாக உண்மை. தையற்காரர் சாட்சி. அதை இன்னொரு தடவை கேட்பதற்காகவே இருட்டும்வரை விடாமல் பேசினேன்.